முக்கால் அவுன்ஸ் கயிறு

பிள்ளை எப்படி இருக்கிறான் என்று அந்த நர்ஸம்மாவிடம் கேட்டால், நன்றாக இருக்கிறான் என்றோ மோசமாக இருக்கிறான் என்றோ பதில் வராது. "ஒம்பது ராத்தல் ரெண்டு அவுன்ஸ்" என்று எடைதான் வரும். பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளே, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வோம் என்கிற நினைப்பே கிடையாது. முதல் இரண்டு நாளும் நான் அவரை மனதுக்குள் திட்டாத திட்டில்லை.

தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில், வாய்க்காலை ஒட்டி, பத்துக் கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி அது. இப்போது இல்லை, அந்த இடத்தில் திராட்சைக் கொடி படர்ந்திருக்கிறது. உலகச் சண்டை முடிந்த மறு வருடம் பத்து மாதத்துப் பிள்ளையான என் மகனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். எங்கள் ஊர் ஜெயமங்கலத்தில் பார்க்காத வைத்தியமில்லை. மூன்று வாரமாக வயிற்றுப்போக்கு. தாய்ப்பாலானாலும் கஞ்சித் தண்ணீரானாலும் உள்ளே போனது போன வேகத்தில் வெளியே வந்தது. தொடைச் சதை வற்றி, தோல் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடுவான்.

நர்ஸம்மாவுக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். சின்ன வயதிலேயே அப்பாவின் கடையில் தராசு பிடித்த கை. ஈரக் காயையும் காய்ந்த காயையும் கலந்து கொண்டுவருகிறவனை, மூட்டையைப் பிரிக்காமலே, தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவாராம். நர்ஸ் படிப்புக்குப் போனபோது அப்பா சீதனமாகக் கொடுத்தது கடையின் பழைய பித்தளைத் தராசு. அதுதான் வார்டின் நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கியது. ஒரு தட்டில் துணியை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைப்பார். மறு தட்டில் படிக்கற்களை ஒவ்வொன்றாக வைப்பார். முள் நிற்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டார்.

எதையும் நிறுத்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. பிள்ளையின் பீத்துணியைக்கூட நனையும் முன்பும் நனைந்த பின்பும் நிறுப்பார். வார்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ஒருநாள் பார்க்க வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், பெரிய மனிதர், மகனை எட்டிப் பார்த்துவிட்டு, "முகத்துல களை வந்துருச்சு, தேறிட்டான்" என்றார். நர்ஸம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேத்தைக்கு இன்னைக்கு ரெண்டு அவுன்ஸு கொறச்சல். களையக் கொண்டு போயி வயலுக்குப் போடச் சொல்லுங்க."

அப்புறம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

என் திட்டெல்லாம் மூன்றாம் நாளோடு தீர்ந்தது. அன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டுபோய், மருந்துப் பெட்டிகள் நிறுக்கிற பெரிய தராசில் ஏறச் சொன்னார். எதற்கென்று தெரியாமல் ஏறினேன்.

"வந்த அன்னைக்கி நின்னப்பவே கண்ணால எடை போட்டு வச்சேன். ரெண்டு ராத்தல் கொறஞ்சிருக்க. சாப்பிடலையா?"

"எறங்கலம்மா."

"ஒனக்கு எறங்கலைன்னா அவனுக்கு யாரு தாயி பாலு குடுக்கறது? நாளைக்கி அவன் வாயத் தொறந்து கேக்கும்போது என்னத்தக் குடுப்ப?"

அவர் கொண்டுவந்திருந்த தூக்குச்சட்டியைத் திறந்து பாதிச் சோற்றை எனக்குத் தள்ளினார். நாளைக்கு அவன் வாயைத் திறந்து கேட்பான் என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நான் அழுதுகொண்டே தின்றேன். அவர் பார்க்காதவர்போல எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு கறாரானவர் ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்காக வளைந்துகொடுத்தார். நிறுக்கும்போது பிள்ளையின் உடம்பில் பொட்டுத் துணி இருக்கக்கூடாது. ஆனால் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கிறது, அதில் இரண்டு தாயத்து. உயிரோடு இருக்கிற பிள்ளையின் கயிற்றை எங்கள் பக்கம் அறுக்கமாட்டோம். செத்த பிள்ளைக்குத்தான் அறுப்போம். படித்த நர்ஸ் வேறு யாராவதாக இருந்தால் கத்திரியை எடுத்திருப்பார். இவர் என் நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"இந்தத் தாயத்த எந்தப் பூசாரிகிட்ட வாங்குனீங்களோ அவருகிட்டயே இதே மாதிரி ரெண்டு வாங்கியாங்க. இதே கயிறு, இதே நீளம்."

நாத்தனார் மறுநாளே வாங்கிவந்தாள். அந்த ஜோடிக் கயிறும் தாயத்தும் முக்கால் அவுன்ஸ் இருந்தது. அன்றிலிருந்து மகனை நிறுக்கும்போதெல்லாம் அந்தக் கயிறு மறு தட்டில் படிக்கற்களோடு கிடக்கும். இரண்டு பக்கமும் கயிறு, கணக்கு நேர். பக்கத்துக் கட்டிலில் வருசநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் மகள் கிடந்தாள். அவளும் என் மகன் வயது, அதே சீக்கு. அவள் இடுப்பில் ஒற்றைத் தாயத்து. அவளுக்கும் ஒரு ஜோடிக் கயிறு நர்ஸம்மாவின் எடைக்கல் பெட்டியில் இருந்தது.

டாக்டர் அதிகம் பேசாதவர். கணுக்கால் பக்கத்து நரம்பில் ஊசியைக் குத்தி, ரப்பர் குழாய் வழியாக குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். கால் அசையாமலிருக்க ஒரு மரப்பட்டையோடு சேர்த்துக் கட்டியிருக்கும். பிள்ளை சாகவில்லை. ஆனால் தராசில் தினமும் ஒரு அவுன்ஸ், இரண்டு அவுன்ஸ் இறங்கிக்கொண்டே போனான். தண்ணீர்தான் ஏறுகிறதே, ஏன் இறங்குகிறான் என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"குளுக்கோஸு சீனித் தண்ணிதான் தாயி. அடுப்பு அணையாம எரியிறதுக்கு அது போதும். சதை வைக்க அது பத்தாது. சதைக்குப் பாலு, பருப்பு, முட்டைன்னு உள்ள போகணும். இவனுக்குத்தான் வயித்துல நிக்கலையே. அதனால ஒடம்பு தன் சதையவே எடுத்துத் திங்கிது."

"அப்ப என்னதாம்மா வழி?"

"டாக்டரு மதுரைக்கு எழுதியிருக்காக. பட்டாளத்து ஆஸ்பத்திரியில மிஞ்சுன பாட்டிலு கொஞ்சம் இருக்காம். பாலுல இருக்கற சத்தச் செரிக்க வச்சு, பொடிப்பொடியா ஒடைச்சு, நேரா ரத்தத்துல போற மாதிரி பண்ணுனது. அதுக்கு அமினோன்னு பேரு. வயித்தோட வேலைய வெளியவே முடிச்சு வச்சிர்றாக."

பாட்டில் வந்தது. வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் எட்டே எட்டு. அதற்குமேல் கிடைக்காது என்று கூடவே சொல்லியிருந்தார்கள். இளம் மஞ்சளாக, வடித்த கஞ்சிபோல இருந்தது. நர்ஸம்மா மூடியில் ஒட்டியிருந்த ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "வேப்பங்கொழுந்து தோத்துச்சு" என்றார்.

இரண்டு பிள்ளைகள், எட்டுப் பாட்டில். ஆளுக்கு நான்காகப் பிரித்தால் இருவருக்கும் பற்றாமல் போய்விடும் என்று டாக்டர் யோசித்தார். முதலில் வந்தது என் மகன். அதனால் அவனுக்கு முதலில் நான்கு பாட்டில், நாளுக்கு ஒன்றாக. அதற்குள் எடை இரண்டு அவுன்ஸாவது ஏறினால் எட்டும் அவனுக்கே. ஏறாவிட்டால் மீதி நான்கும் வருசநாட்டுப் பிள்ளைக்கு. இதை எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவைத்தே சொன்னார். வருசநாட்டுக்காரி தலையை ஆட்டினாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. ஆஸ்பத்திரியில் அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுகிறவள், நான் தூங்கும்போது என் பிள்ளைக்கு ஈ ஓட்டுகிறவள்.

முதல் பாட்டில் கொஞ்சம் வேகமாக ஏறிவிட்டது. பிள்ளை வெடவெடவென்று நடுங்கினான். காய்ச்சல் கொதித்தது. நர்ஸம்மா குழாயின் திருகைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணினார். அதற்குப் பிறகு அந்த இடத்தை வேறு யாருக்கும் விடவில்லை. மூத்திரம் போகக்கூட எழுந்து நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் ஒன்றேகால் அவுன்ஸ் ஏற்றம். நர்ஸம்மா நம்பாமல் இறக்கி மறுபடி நிறுத்தார். அதேதான். நான்காம் நாள் மறுபடி ஒரு ஒன்றேகால். நான்காம் பாட்டில் முடிந்த மறுநாள் காலை, முள் நின்றபோது, தொடங்கிய நாளைவிட மூன்று அவுன்ஸ் கூடியிருந்தது. அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. சின்னப் பெண்போல இருந்தார்.

"மூணு" என்றார் டாக்டரிடம். மூன்று விரலையும் காட்டினார்.

ஐந்தாவது பாட்டில் ஏறியது. வருசநாட்டுக்காரி என்னைக் கட்டிப்பிடித்து, "ஒம்புள்ள பொழச்சுக்கிட்டான்க்கா" என்றாள். அவள் மனசு யாருக்கு வரும்.

அன்று முன்மதியம், சொட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே, ஈரத்துணியால் பிள்ளைக்கு உடம்பு துடைத்தேன். தாயத்து என் விரலில் இடித்தது. ஜில்லென்று, கனமாக. விரலால் தூக்கிப் பார்த்தேன். கூழாங்கல்போல இருந்தது. நாத்தனார் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, என் சாப்பாட்டுப் பாத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி, தாயத்து என்ன இந்தக் கனம் கனக்குது?"

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாத்திட்டேன்ல. பூசாரி சொன்னாக. லேசாப் போன பிள்ளையக் காத்துக் கருப்பு தூக்கிட்டுப் போயிருமாம். ஈயத்தக் காச்சி உள்ள ஊத்திக் குடுத்தாக. அது பிள்ளையத் தரையோட பிடிச்சு வச்சுக்குமாம். திங்கக்கெழம ஒண்ணு, புதங்கெழம ஒண்ணு, நீ துணி அலசப் போனப்ப மாத்திக் கட்டுனேன், பழச ஒன் துணிப்பையில போட்டு வச்சிருக்கேன். வெளிய சொன்னா பலிக்காதுன்னுதான் சொல்லல. பாத்தியா, எடை எப்படி ஏறுது."

அவள் ஏமாற்றவில்லை. தராசைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. ஈயம் பிள்ளையைப் பிடித்துவைத்திருக்கிறது என்று சத்தியமாக நம்பினாள். நம்பிய முகத்தோடு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். எனக்குத்தான் கணக்கு ஓடியது. திங்கள் கட்டிய மறுநாள் ஒன்றேகால் அவுன்ஸ், புதன் கட்டிய மறுநாளும் ஒன்றேகால், இரண்டு தாயத்துக்கும் இரண்டரை. நான் அஞ்சாவது வரை படித்தவள். மூன்றிலிருந்து இரண்டரையைக் கழிக்கத் தெரியாதவள் இல்லை.

பாட்டிலில் அப்போது முக்கால்வாசி மருந்து மிச்சமிருந்தது. நர்ஸம்மா இரண்டடி தூரத்தில் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து சொன்னால் அவர் திருகை மூடியிருப்பார். அந்த முக்கால் பாட்டில் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருக்கும். நான் துணியைப் பிழிந்து கொடியில் காயப்போட்டேன். வருசநாட்டுக்காரி கூப்பிட்டதற்குக் காதில் விழாததுபோல இருந்தேன். அன்றைக்குப் பூராவும் நான் சொல்லவில்லை. பயத்தில் என்று சொல்லிக்கொள்ளலாம். பயமில்லை, ஆசை. என் பிள்ளை உயிரோடு வேண்டும் என்கிற ஆசை.

மறுநாள் காலை நர்ஸம்மா பிள்ளையைத் தட்டில் வைப்பதற்காகத் தூக்கினார். தாயத்து அவர் மணிக்கட்டில் இடித்தது, தூக்கியவர் அப்படியே நின்றார். ஒரு கையில் பிள்ளையை அணைத்தபடி மறு கையால் இடுப்புத் தாயத்தைத் தூக்கினார். பிறகு பெட்டியிலிருந்த ஜோடித் தாயத்தைத் தூக்கினார். மண்டியில் தராசு பிடித்த கைக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. என்னைப் பார்த்தார்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்ணுக்கு முன்னால் வரவில்லை.

"நேத்து. பாட்டிலு ஏறும்போது."

திட்டியிருந்தால் தேவலை. தாயத்துகளை என்னையே அவிழ்க்கச் சொல்லி, பழைய தாயத்தைக் கட்டச் சொல்லி, பிள்ளையை நிறுத்தார். அரை அவுன்ஸ் ஏற்றம். மூன்று என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு அரை என்று எழுதப் பேனாவை எடுத்தபோது, நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுதாதீகம்மா. ரெண்டுன்னாவது எழுதுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எந்திரி. இந்தக் காயிதத்தப் பாத்துத்தான் அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு விடலாம்னு டாக்டரு முடிவு பண்ணுவாக. நான் ரெண்டுன்னு எழுதுனா அது ஓம் பிள்ளையோட நிக்காது தாயி. பின்னால வர்ற பிள்ளைகளையெல்லாம் கொன்னுபுடும்."

எழுதினார். மை காயும்வரை ஊதினார். பிறகு என்னைப் பிடித்து எழுப்பி, பிள்ளையிடம் கூட்டிப்போனார்.

"இங்கன பாரு. பாட்டிலு ஏத்துன மொத நாளு இந்தக் கயிறு நழுவி நழுவித் தொடைக்குப் போச்சு. நாந்தான் சுருக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவர் கயிற்றை மெல்ல விலக்கினார். இடுப்பைச் சுற்றி, கயிறு பதிந்து, சிவப்பாக ஒரு வரி. முடிச்சை அவிழ்த்து ஒரு விரற்கடை தளர்த்திக் கட்டினார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பள்ளம் விழவில்லை.

"நீர் கோத்த வீக்கமில்ல. சதைதான். அரை அவுன்ஸுன்னாலும் அவனோட சொந்தம். தெனமும் எறங்குனது நின்னுருச்சு பாத்தியா. இனி வாய்வழியாப் பாப்போம்."

டாக்டர் வந்தார். காகிதத்தைப் பார்த்தார், இடுப்பு வரியைப் பார்த்தார். மீதி மூன்று பாட்டிலும் வருசநாட்டுப் பிள்ளைக்கு என்றார். ஏன் நான்கில்லை என்று வருசநாட்டுக்காரி கேட்கவில்லை. நர்ஸம்மாவும் அவளிடம் சொல்லவில்லை. எனக்காக மறைத்தாரா, அவளுக்காக மறைத்தாரா, தெரியாது.

என் மகனுக்குக் கொழுப்பு எடுத்த பாலைத் தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை அவரே ஊட்டினார். முதல் நாள் பாதி வெளியே வந்தது. நான்காம் நாள் தங்கியது. ஒரு மத்தியானம் அவன் வாயைத் திறந்து வீறிட்டு அழுதான். பசி அழுகை. நர்ஸம்மா சொன்னபடியே என்னிடம் பால் இருந்தது.

வருசநாட்டுப் பெண்ணுக்கு மூன்று பாட்டிலில் ஒரு அவுன்ஸ் ஏறியது. கண்ணைத் திறந்து அம்மாவின் கம்மலைப் பிடித்து இழுத்தாள். பாட்டில் தீர்ந்துபோயிற்று. டாக்டர் மறுபடி மதுரைக்கு எழுதினார், பெட்டி வரவில்லை. பஞ்சுப் பாலும் அவளுக்குத் தங்கவில்லை. இரண்டு நாளில் மறுபடி இறங்க ஆரம்பித்தாள். ஆறாம் நாள் விடிந்த பிறகு, தராசுக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது, நர்ஸம்மா அவளைத் தட்டில் வைக்காமல் அம்மாவின் மடியில் வைத்தார்.

அன்று அவர் நிறுக்கவில்லை. நான் அங்கே இருந்த நாட்களில் அந்த ஒரு கட்டில் காகிதத்தில்தான் எடைக்கட்டம் வெறுமையாக இருந்தது. கயிற்றை அறுக்க வருசநாட்டுக்காரிக்குக் கை வரவில்லை. "நீங்களே செஞ்சிருங்கம்மா" என்றாள். வேதக்காரம்மா கத்திரியை எடுத்து, பிள்ளை இடுப்பிலிருந்த கயிற்றை அறுத்து, தாயத்தோடு சுருட்டி அவள் முந்தியில் முடிந்துவிட்டார். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

மூன்று வருடம் கழித்து, மகனைத் தூக்கிக்கொண்டு போடிக்குப் போனேன். ஆஸ்பத்திரி மூடிவிட்டார்கள். நர்ஸம்மா தம்பியின் ஏலக்காய் மண்டியில் பழையபடி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைத் தெரிந்துகொண்டதாகக் காட்டவே இல்லை. நேராகப் பையனை வாங்கி மூட்டைத் தராசில் நிறுத்தினார்.

"இருவத்தெட்டு ராத்தல். செருப்போட" என்றார். அப்புறம் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காப்பி வரவழைத்தார். எடைக்கல் பெட்டியைத் திறந்து, இரண்டு தாயத்து கோத்த பழைய கயிறு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். என் மகனுடைய ஜோடிக் கயிறு. பெட்டியில் இன்னொரு கயிறும் இருந்தது, ஒற்றைத் தாயத்தோடு. அதை அவர் எடுக்கவில்லை.

கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். கேட்டுவிட்டேன்.

"அம்மா, அன்னைக்கி நான் அப்பவே சொல்லியிருந்தா, அந்த முக்காப் பாட்டிலும் போயிருந்தா, அந்தப் பிள்ள பொழச்சிருக்குமா?"

அவர் பெட்டியை மூடினார். பையன் ஏலக்காய்க் குவியலில் கையை அளைந்துகொண்டிருந்தான். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொழச்சிருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கு இறக்கி வைத்திருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"நிறுக்காததப் பத்தி நான் சொல்றதில்ல தாயி" என்றார். என் தோளில் கை வைத்து, ரொம்ப நேரம் எடுக்காமல் இருந்தார்.

அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. காலமாகிவிட்டதாகச் சொன்னார்கள். மகன் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அந்த முக்கால் பாட்டிலை மட்டும் நான் இன்னும் எடை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முள் நிற்கவில்லை.